எபிசோடு விசாரணை

எனக்கு மூக்கு நுனியில் கோபம். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலமும் உண்டு. காலத்தில் பின்னோக்கிப் போகும் கதை ஒன்றைப் பற்றிப் பேசும்போது, அது நடக்கக்கூடியதுதான் என்று சாதித்த ஒருவர் முகத்தில் ரிமோட்டை வீசி அவருடைய மூக்குக்கண்ணாடியை உடைத்திருக்கிறேன். அவர் சூலியா தெருவில் நாணய மாற்றுக் கடை வைத்திருக்கும் அண்ணன். மறுவாரம் புதுக் கண்ணாடியோடு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். எங்கள் கூட்டம் அப்படி.

நாங்கள் நாலு பேர். அந்த அண்ணன், நர்ஸாக வேலை பார்க்கும் என் தோழி, என் தம்பி, நான். டத்தோ கிராமாட்டில் நானும் தம்பியும் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டில் சனிக்கிழமை மதியம் கூடுவோம். விண்வெளித் தொடர் ஒன்றின் புது எபிசோடு ஓடும். முடிந்ததும் விசாரணை. ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு, அறிவியல்படி இது நடக்குமா நடக்காதா என்று ஒருவர் தாக்க வேண்டும், ஒருவர் காப்பாற்ற வேண்டும். தோற்றவர் எழுந்து நின்று ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்று மூன்று தடவை சொல்லிவிட்டு எல்லார் தட்டையும் கழுவ வேண்டும். நான் பள்ளி முடிக்கப்போகும் ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுப்பவள். நான் தட்டு கழுவி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அன்றைய எபிசோடில் கப்பல் மெக்கானிக் ஒருத்தி, திரவ நைட்ரஜன் நிரம்பிய தொட்டிக்குள் வெறுங்கையை விட்டு ஒரு திருகாணியை எடுத்தாள். கைக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் சிரித்தேன். சுத்தப் பேத்தல், அந்தக் கை கண்ணாடி மாதிரி உடைந்திருக்க வேண்டும் என்றேன்.

“உடையாதுக்கா,” என்றான் தம்பி. “சட்டுனு விட்டு சட்டுனு எடுத்தா ஒண்ணும் ஆகாது. நான் பாத்திருக்கேன்.”

அவன் பாலிக் பூலாவ் பக்கம் டுரியான் பழத்தை உறையவைத்து ஏற்றுமதி செய்யும் ஃபேக்டரியில் வேலை பார்த்தான். திரவ நைட்ரஜன் அவனுக்குத் தினப்படிச் சமாச்சாரம். எனக்கு அது பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம்.

“நீ டுரியான் தூக்குறவன். பேச்சைக் குறைச்சுக்க,” என்றேன்.

“அடுத்த வாரம் கொண்டாறேன். நீயே பாத்துக்க,” என்றான்.

சொன்னபடி கொண்டுவந்தான். ஃபேக்டரியில் யாரிடமும் கேட்காமல், ஒரு குடுவையில். எல்லா ஜன்னலையும் திறந்துவைத்து, சமையலறை மேசையில் இருந்த எவர்சில்வர் மங்கில், அந்தக் குழிக் கிண்ணத்தில், ஊற்றினான். வெள்ளைப் புகை மேசை விளிம்பு வழியாக இறங்கித் தரையில் பரவியது. நர்ஸ் தோழி வேண்டாம் வேண்டாம் என்று கத்திக்கொண்டிருக்கும்போதே வலக்கை விரல்களை உள்ளே விட்டு, கண் மூடித் திறப்பதற்குள் எடுத்துக் காட்டினான். விரல்கள் காய்ந்து, சுத்தமாக, முழுசாக இருந்தன.

அண்ணன் கை தட்டினார். “டீச்சர் தோத்துட்டாங்க. எந்திரிங்க, மூணு தடவை சொல்லுங்க.”

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தம்பி சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். நன்றாகச் சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் துளி ஒட்டாமல் உருண்டு ஓடுவதை அந்த வியாழக்கிழமைதான் பிள்ளைகளுக்கு நடத்தியிருந்தேன். துளிக்கும் கல்லுக்கும் நடுவே ஆவி ஒரு மெத்தை போட்டுவிடுகிறது. அதே மெத்தைதான் சூடான கைக்கும் திரவ நைட்ரஜனுக்கும் நடுவே ஒரு நொடி நிற்கும். அதற்கு மேல் நிற்காது. பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே தம்பியின் ஞாபகம் வந்தது. வாயைத் திறந்து ஒத்துக்கொள்ளத்தான் மனசு வரவில்லை.

“எந்திரிக்கா,” என்று தம்பி சிரித்தான். “சின்னப் பிள்ளைக்கும் தெரியும் இது.”

அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. எட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். “அவ்வளவு தைரியமா? அப்ப வச்சிருடா,” என்று விரல்களை மங்குக்குள் அழுத்தினேன். அழுத்திக்கொண்டே எண்ணினேன். ஒன்று சொன்னபோது இன்னும் சிரித்தான். இரண்டில் கத்தினான். இடது கையை மடக்கி என் வாயில் குத்தினான். உதடு கிழிந்து ரத்தம் மேசையில் சொட்டியது. நான் விடவில்லை. மூன்று, நாலு. தோழி என் கொண்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். நான் அவள் வயிற்றில் முழங்கையால் இடித்தேன். அண்ணன் மேசையையே புரட்டிப் போட்டார். மங்கு உருண்டது. தரை எங்கும் புகை. புகைக்குள் தம்பி மண்டி போட்டு, விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவை மெழுகில் செய்தவைபோல வெளுத்திருந்தன.

மருத்துவமனையில் டாக்டர் கேட்டபோது, “வீட்டுல விளையாட்டா செஞ்சேன். கையை எடுக்க மறந்துட்டேன்,” என்றான். கிழிந்த உதட்டோடு பக்கத்தில் நின்ற நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல்கள் கொப்பளித்தன. பிறகு இரண்டு விரல் கறுத்தது. காத்திருந்து பார்த்து, இரண்டு மாதம் கழித்து நடுவிரலிலும் மோதிர விரலிலும் மேல்கணுவை எடுத்துவிட்டார்கள். வேலையும் போனது. அவன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டி எப்படியாவது ஆறியிருப்பேன்.

ஒருநாள் கட்டுப் போடும்போது அவனே சொன்னான். “உனக்குத் தெரியாதுல்லக்கா. ஒண்ணும் ஆகலைன்னு நான்தானே காட்டுனேன். கொஞ்ச நேரம் வச்சாலும் ஆகாதுன்னு நினைச்சுட்ட.” நான் ம் என்றேன். அந்த ஒரு ம்மில்தான் எங்கள் வீடு நின்றுகொண்டிருந்தது. எனக்குத் தெரிந்திருக்காது என்று நம்பித்தான் அவன் என்னோடு பேசினான், என் கையால் சாப்பிட்டான். அவனுக்கு அது போதும். எனக்கும் போதும் என்று இருந்திருக்க வேண்டும்.

அறுவை முடிந்த மறு சனிக்கிழமை தோழியும் அண்ணனும் வந்தார்கள். அண்ணன் பிரியாணி வாங்கி வந்திருந்தார். யாரும் டிவி போடவில்லை. நான் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கறியைப் பிய்த்துச் சோற்றில் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். தோழி என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: “எப்படி உனக்கு மனசு வந்துச்சு?”

எனக்கு முன்னால் தம்பி பதில் சொன்னான். “விடுங்கக்கா. அக்காவுக்கு அந்த விஷயம் தெரியாது. தெரிஞ்சிருந்தா என் கையைப் பிடிச்சிருக்குமா?”

“டியூஷன் டீச்சருக்கே தெரியாதா?” என்றார் அண்ணன். கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

“புத்தகத்துல இருக்கிறதைப் பார்த்து எழுதிப்போடுற டீச்சர்தானே அண்ணே,” என்றான் தம்பி. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னான். இன்று யோசிக்கும்போது அது நன்றாகப் புரிகிறது. அன்று காது சூடாகிவிட்டது. கையில் சோற்றுக் கவளம். கோபம் என்றால் என் நாக்குக்கு அண்ணன் தம்பி கிடையாது.

“எனக்கா தெரியாது?” என்றேன். “அந்த வாரம்தான் நடத்துனேன். ஒரு செகண்டுக்கு மேல தாங்காதுன்னு நல்லாத் தெரியும்.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று என் காதில் விழுந்தது. அண்ணன் சாப்பிடுவதை நிறுத்தினார். தோழி எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். தம்பி என்னைப் பார்த்தான். கோபமில்லை. முகவரி தப்பி வேறு வீட்டுக்கு வந்துவிட்டவன் மாதிரி பார்த்தான்.

“தெரியுமா?” என்றான்.

நான் கவளத்தை அவன் வாயருகே கொண்டுபோனேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தட்டை மெதுவாகத் தன் பக்கம் இழுத்து, இடது கையால் சோற்றை அள்ளிச் சாப்பிட ஆரம்பித்தான்.