ஆயுத பூஜையன்று திறக்காத ஃபைல்

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவனைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்ததே பெரிய விஷயம். மறைமலை நகரில் வண்டி உதிரிபாகம் செய்யும் சின்னக் கம்பெனி அது. பிரஸ் மெஷினில் நின்ற என்னை, கையெழுத்து சுத்தமாக இருக்கிறதென்று சூப்பர்வைசர் இன்ஸ்பெக்‌ஷன் ரூமுக்கு மாற்றினார். உருப்படிகளின் அளவுகளைக் கம்ப்யூட்டர் ஷீட்டில் ஏற்றி, அச்செடுத்து, லாரியோடு அனுப்ப வேண்டும். அளவுத் தாள் இல்லாவிட்டால் சரக்கை வாங்குகிறவர்கள் கேட்டிலேயே திருப்பிவிடுவார்கள். ஒரு லோடு திரும்பினாலும் நான் மறுபடி பிரஸ்ஸுக்குத்தான். இதை சூப்பர்வைசர் சொன்னதில்லை. நானே தினமும் எனக்குச் சொல்லிக்கொள்வேன்.

1991-ல் ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் ஆபீஸ் ரூமுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. அதில் அதே ஷீட் சாஃப்ட்வேரின் புது வெர்ஷன். பழைய கம்ப்யூட்டர் பிரிண்டரோடு என்னிடமே இருந்தது. பூஜைக்கு முந்தின நாள் எனக்கு ஒரு பயம்: இந்த அமர்க்களத்தில் ஃபைல் ஏதாவது ஆகிவிட்டால்? அளவுகள் இருந்த ஃப்ளாப்பியைப் புதுக் கம்ப்யூட்டரில் போட்டு, ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து பார்த்து சேவ் செய்தேன். சந்தேகத்துக்கு இரண்டு தடவை.

மறுநாள் காலை, மூத்த ஃபிட்டர்தான் பூஜை போட்டார். லேத், பிரஸ், ஸ்பேனர் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். புதுக் கம்ப்யூட்டருக்கு மாலையே போட்டார். பூஜையில் வைத்ததை அடுத்த நாள் காலை வரை யாரும் தொடக் கூடாது. ஆனால் வாங்குகிற கம்பெனிக்கு அன்று லீவில்லை. மதியம் லாரி போக வேண்டுமென்று பழைய கம்ப்யூட்டரை மட்டும் சூப்பர்வைசர் பூஜைக்கு விடவில்லை.

பூஜையில் கொடுத்த பொரிப் பொட்டலத்தை ஓரமாக வைத்துவிட்டு, பழைய கம்ப்யூட்டரில் ஃப்ளாப்பியைப் போட்டேன். கீச்சென்று ஒரு சத்தம். ஃபைல் திறக்கவில்லை. அடுத்ததும் திறக்கவில்லை. சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தவருக்கு மெட்ராஸுக்கு போன் செய்தேன். அவர் கடையிலும் பூஜை மணி கேட்டது.

“புதுசுல திறந்து சேவ் பண்ணியா?”

“ஆமா சார். ரெண்டு ரெண்டு தடவ.”

“கெடுக்கிறதுக்கு ஒரு தடவையே போதும்யா. புதுசுல சேவ் பண்ணா பழசு படிக்காது. அந்தப் புது மெஷின்லயே திறந்து, பழைய வெர்ஷனுக்கு மாத்தி சேவ் பண்ணு. ரெண்டு நிமிஷ வேலை.”

“அது பூஜைல கீது சார்.”

“அதுக்கு என்கிட்ட சாஃப்ட்வேர் இல்லப்பா” என்று வைத்துவிட்டார்.

லாரியில் சரக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஃபிட்டரிடம் ஓடினேன்.

“இன்னாப்பா, மூஞ்சி பேயறஞ்ச மாரி கீது?”

சொன்னேன்.

“பயந்துக்கினு பயந்துக்கினு நல்லா இருந்தத கெடுத்துக்கினியா?”

“லோடு திரும்பிச்சுன்னா என்னை பிரஸ்ஸுக்கு அனுப்பிடுவாங்கண்ணே.”

“ஏன், பிரஸ்ல கீறவன்லாம் மனுசன் இல்லியா?”

நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் என்னையே பார்த்துவிட்டுக் கற்பூரத்தை எடுத்தார். “நாளைக்கு எடுக்கறத இன்னிக்கே எடுத்துடறேன். இத்த மட்டும்.” கற்பூரம் ஏற்றிக் காட்டி, மாலையைக் கழற்றி, “போடு சுச்சை” என்றார்.

என்டர் பட்டன் மேலேயே சந்தனம். அழுத்தினேன். விரலில் ஒட்டியது.

மாற்றி சேவ் செய்து கொண்டுபோய்ப் போட்டதும், பழையதில் ஷீட் திறந்தது. அச்செடுத்த தாளின் ஓரத்தில் என் விரல் பட்டு மஞ்சள் ரேகை. மறுபடி அடிக்க நேரமில்லை, டிரைவர் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார். அந்த ரேகைக்காகத் திருப்பிவிட்டால்? சாயங்காலம் வரை கேட் பக்கத்திலேயே நின்றேன். லாரி காலியாகத் திரும்பி வந்தது. ஏறிப் பின்பக்கம் வரை பார்த்தேன். அதற்குப் பிறகுதான், நமுத்துப்போயிருந்த பொரியைப் பிரித்தேன்.