ஒரு விரல் இடைவெளி

டிராக்டர் ஓட்டுபவர்கள் என் அத்தைக்கு வைத்த பட்டப்பெயர் ‘விரலளவு’. இறக்கைக் கலப்பையில் மண்ணை வெட்டும் ஒவ்வொரு கொழுவுக்கும் முன்னால் ஒரு வட்டத் தகடு உருண்டுகொண்டே மண்ணைக் கீறிப் போகும். அந்தத் தகடு கொழுவின் ஓரத்திலிருந்து ஒரு விரல் தடிமன் தள்ளி நிற்க வேண்டும். மற்றவர்கள் ஸ்கேல் வைத்துப் பார்ப்பார்கள். அத்தை ஆள்காட்டி விரலை நுழைத்துப் பார்த்துவிட்டு நட்டை முறுக்கிவிடுவார்.

பண்ணையின் உழவு வேலை பத்து வருடமாக மாமா கையில் இருந்தது. இடுப்பு வலியில் அவர் படுத்து ஐந்து மாதமாகிறது. இனி அந்த வேலையை அத்தைக்குத் தரலாமா என்று பார்க்க, மேற்பார்வையாளர் இரண்டு உழவுச் சால் ஓட்டிக் காட்டச் சொன்னார். வரப்போரம் இன்னொரு டிராக்டர்க்காரனும் வண்டியோடு தயாராக நின்றான்.

முதல் சால் முடிந்ததும் மேற்பார்வையாளர் குனிந்து பார்த்தார். கத்தியால் வெட்டியதுபோல் இருக்க வேண்டிய சாலின் சுவர், துண்டு துண்டாக உதிர்ந்துகொண்டிருந்தது.

“என்னம்மா இது, எலி கடிச்ச ரொட்டி மாதிரி?”

“விரல் தேஞ்சிடுச்சா அக்கா?” என்றான் மற்ற டிராக்டர்க்காரன்.

அத்தை தகடுகளைக் கையால் சுற்றினார். ஆட்டமில்லை. பேரிங்கில் கிரீஸ் இருந்தது. என் கைபேசி அடித்தது, மாமா. சாலின் சுவர் உதிர்வதைச் சொன்னேன்.

“ஆழம் ஜாஸ்தியா வெச்சிருப்பா. தகட்டைக் கொஞ்சம் தூக்கச் சொல்லு.”

“படுத்துக்கிட்டே வண்டி ஓட்ட வேணாம்னு சொல்லு” என்றார் அத்தை.

“இன்னும் ஒரு சால்தான். இதுவும் இப்படின்னா அந்தத் தம்பியே ஓட்டட்டும்” என்றார் மேற்பார்வையாளர்.

இரண்டாவது சாலில் இருபதடி போனதும் அத்தை வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அத்தை இரண்டு கொழுவுக்கும் நடுவே குனிந்தார். “முன்னாடி கொழு வெட்டினது சுத்தமா இருக்கு. பின்னாடிதான்...” என்றவர் தன் விரலைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

முந்தைய நாள் முன்தகட்டைப் பொருத்திய பிறகு, பின்தகட்டின் விளிம்பை அரம் போடும்போது அத்தையின் விரல் வெட்டுப்பட்டது. துணியை மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டிவிட்டது நான்தான். அந்தத் தடித்த விரலால்தான் அத்தை பின்தகட்டுக்கு இடைவெளி பார்த்திருக்கிறார்.

அந்தத் துணியைப் பல்லால் இழுத்துப் பிய்த்தார். ரத்தம் துளிர்த்தது. கலப்பையைத் தூக்கி, அடியில் மரத்துண்டு வைத்து, நட்டைத் தளர்த்தினார்.

“ஸ்கேல் தரட்டுமா?” என்றார் மேற்பார்வையாளர்.

“இருக்கட்டும் சார்.” வெறும் விரலை நுழைத்து, தகட்டை உள்ளே நகர்த்தி, முறுக்கினார்.

இரண்டாவது சாலின் மிச்சத்தை ஓட்டி முடித்தார். மேற்பார்வையாளர் கடைசிவரை நடந்துபோய், சாலின் சுவரைச் செருப்பு நுனியால் தட்டிப் பார்த்தார். உதிரவில்லை.

“தம்பி, நீ வண்டியை எடுத்துட்டு வீட்டுக்குக் கிளம்பு” என்று வரப்பைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

அத்தை விரலை வாயில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “மாமாவுக்குப் போனைப் போடு. ஆழம் சரியாத்தான் இருந்துச்சுன்னு முதல்ல சொல்லு.”