சிங்கப்பூர் போகிற படகு, கடலூரில் நிற்கிறது

சொகுசுப் படகுக்கு டிரைவராக இருப்பதில் ஒரு வசதி உண்டு: படகு எங்கேயும் போகாது, செலவு மட்டும்தான் ஓடும். வாசலில் காரை நிறுத்திவிட்டு பஸ்ஸில் போய்வருகிற அன்பர்களே, உடம்பு இளைக்க மெஷின் வாங்கி அதில் துணி காயப்போடுகிறவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு என் கஷ்டம் புரியாது.

நான் கடலூர் துறைமுகத்தில் விசைப்படகு ஓட்டி ஓய்ந்தவன். பண்ருட்டி முந்திரி வியாபாரி தனசேகர், கொச்சியில் யாரோ கைகழுவின பழைய சொகுசுப் படகு ஒன்றை வாங்கி வந்து, "பெரியவரே, இனிமே இது உங்க பொறுப்பு" என்று சாவியைக் கொடுத்தார். ஒரு தடவை டீசல் ரொப்பினால் நடுவில் எங்கும் நிற்காமல் சிங்கப்பூர் வரைக்கும் போகும் என்று விற்றவன் சொல்லியிருந்தான். பச்சைப் பெயிண்டும் வீங்கின வயிறுமாக அது வந்து நின்ற அன்றைக்கே, துறைமுகத்து ஆட்கள் அதற்குப் 'பலாப்பழம்' என்று பேர் வைத்துவிட்டார்கள். உள்ளே மெத்தை, ஏசி, துணி துவைக்கிற மெஷின் எல்லாம் உண்டு. சித்திரை வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு மத்தியானம் தூங்கியிருக்கிறீர்களா? நான் தூங்கினேன். அந்தப் படகு விற்றுப் போகாமல் இருக்கவேண்டும் என்று நான் ஏன் எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டேன் என்பது இப்போது விளங்கியிருக்கும்.

பூசை

புது வண்டி என்றால் பூசை போடாமல் நகர்த்தலாமா? கீரப்பாளையத்திலிருந்து ஐயரை அழைத்து வந்தோம். பூசணிக்காய் சுற்றினார், கற்பூரம் காட்டினார், மாலை போட்டார். எல்லாம் முடிந்து நாலு எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டு படகை ஒரு சுற்றுப் பார்த்தார். "சக்கரம் எந்தப் பக்கம்?" என்றார்.

சக்கரமே இல்லை என்றதும் முதலாளி முகம் வாடிவிட்டது. பழம் நசுங்காமல் கிளம்பினால் விளங்குமா என்று பயம். நான்தான் யோசனை சொன்னேன்: நங்கூரத்தைத் தூக்கிப் பிடிப்போம், பழத்தைத் தண்ணியில் போட்டு அதன்மேல் நங்கூரத்தை விடுவோம். விட்டோம். நங்கூரம் அடிக்குப் போனது. பழம் நாலும் மேலே வந்து, வடிகிற தண்ணியோடு வரிசையாக முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குப் போய்விட்டன. முதலாளி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். ஐயர் கொஞ்சமும் அசரவில்லை. "கவலப்படாதீங்க, உங்களுக்கு முன்னாடி போயி சிங்கப்பூர்ல எடம் பாத்து வைக்கும்" என்றார்.

டீசல்

முதல் தடவை டேங்க் ரொப்ப லாரியே வந்தது. குழாயைச் சொருகிவிட்டு டிரைவரும் நானும் டீக்கடைக்குப் போனோம். டீ குடித்தோம், வடை தின்றோம், அவர் தங்கச்சி கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் கோபித்துக்கொண்டு போன கதையை ஆரம்பத்திலிருந்து சமாதானம் வரைக்கும் கேட்டேன். திரும்பி வந்தால் இன்னும் உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கிறது. நான் டேங்க் வாயில் காதை வைத்துப் பார்த்தேன். ஊற்றுகிற டீசல் அடியில் போய் விழுகிற சத்தமே வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி குளிர்ந்த காற்று வந்தது.

லாரி காலியானதும் டிரைவர் குனிந்து படகுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார், எங்கேயாவது ஓட்டை இருக்கிறதா என்று. பிறகு தன் லாரியைப் பார்த்தார். "பெரியவரே, கிளீனரைக் காணோம். அவனையும் சேத்து உள்ள ஊத்திட்டனா பாருங்க" என்றார்.

வேகம்

ரொம்ப தூரம் போகிற படகு மெதுவாகத்தான் போகும். அவசரப்பட்டால் டீசலைக் குடித்துவிடும். இதை முதலாளிக்கு யாரும் சொல்லவில்லை. முதன்முதலாக, துறைமுகம் இருக்கிற ஆற்றுக்குள்ளேயே ஒரு ஓட்டம் விட்டோம். கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, காற்றில் சட்டை படபடக்கும் என்று முன்னால் போய் நின்றார். சட்டை அசையவில்லை. கரையில் ஒரு எருமை எங்களோடு கூடவே நடந்து வந்தது. நடுவில் நின்று புல் மேய்ந்தது, மறுபடி எங்களைப் பிடித்துவிட்டது.

பின்னால் வந்த ஃபைபர் படகுப் பையன்கள் ஒரு வட்டம் அடித்து எங்கள் பக்கத்தில் வந்தார்கள். அதில் ஒருவன் கயிற்றைக் கையில் சுருட்டிக்கொண்டு என்னைப் பார்த்து, "மாமா, இஞ்சின் நின்னுபோச்சா? கூச்சப்படாம சொல்லு, கட்டி இழுத்துட்டுப் போறோம்" என்றான். இஞ்சின் அப்போது முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

குடிதண்ணீர்

முந்திரி வியாபாரத்தைப் பேருக்கு நடத்துகிறவர் முதலாளி. நிஜமாக நடத்துகிறவர் அவர் மனைவி கலாவதி. அந்தம்மா படகைப் பார்க்க வந்த அன்றைக்கு முதலாளி ஏசியைக் காட்டினார், மெத்தையைக் காட்டினார். கடைசியாகக் கடல்தண்ணியைக் குடிதண்ணியாக்குகிற மெஷினைக் காட்டினார். அதற்கு முதலில் ஜெனரேட்டர் போடவேண்டும். போட்டோம். துறைமுகத்துக் காக்கா பூராவும் பறந்துபோனது. வெகுநேரம் உறுமியபின் ஒரு டம்ளர் தண்ணி வந்தது.

கலாம்மா குடித்துப் பார்த்தார். "இதுக்கு எவ்ளோ டீசல் ஆச்சு மாமா?" என்று என்னைக் கேட்டார். பொம்பளைகள் நேருக்கு நேர் கேட்டால் எனக்குப் பொய் வராது. பாதியாகக் குறைத்துச் சொன்னேன். அதற்கே டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "ஏங்க, ஒரு கேன் தண்ணி வாங்கி வச்சா இந்தப் படகு மெதக்காதா?" முதலாளி ஏசி ரிமோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். கலாம்மா இறங்கும்போது தீர்ப்புச் சொன்னார்: "பொங்கலுக்குள்ள இது ஒருநாளாவது கரை தெரியாத தூரம் போய்ட்டு வரணும். இல்லன்னா வித்துட்டு முந்திரி ஒடைக்கிற மெஷின் வாங்கிருவேன். அதாச்சும் நின்ன எடத்துல வேலை செய்யும்."

போட்டோ

என் மெத்தைக்கு ஆபத்து வந்துவிட்டதா, படகு சும்மா நிற்கவில்லை, சம்பாதிக்கிறது என்று காட்டலாம் என்று நினைத்தேன். சிதம்பரத்திலிருந்து ஒரு கல்யாண ஜோடியைப் போட்டோ எடுக்கப் பிடித்தேன். மாப்பிள்ளை கோட்டு போட்டு ஆவியில் வெந்த மாதிரி இருந்தார். பொண்ணு கவுனைத் தூக்கிப் பிடிக்கவே மூன்று பேர் வேண்டியிருந்தது. நடுக்கடலில் போகிற மாதிரி வேண்டும் என்றார்கள். முகத்துவாரத்தில் மணல் ஏறிக் கிடக்கிறது, தண்ணி ஏறினால்தான் இது தாண்டும் என்றேன். போட்டோகிராபர் சுற்றிலும் பார்த்துவிட்டு, "பரவால்ல தாத்தா, இது நிக்கட்டும். பின்னாடி இருக்கிற மீன்படகை எல்லாம் வரிசையா ஓடச் சொல்லுங்க, நாம போற மாதிரி இருக்கும்" என்றார்.

அடிப்பக்கம்

கலாம்மா சொன்ன கெடுவுக்குள் கிளம்பவேண்டுமே என்று இஞ்சினைப் போட்டால் படகு அசைய மறுத்தது. ஓடாத படகின் அடியில் சிப்பி பிடிக்கும். எங்களுடையதில் பிடித்ததைச் சிப்பி என்று சொல்லக்கூடாது, ஊர் என்றுதான் சொல்லவேண்டும். மூழ்கிப் பார்த்தவன் மேலே வந்து, உள்ளே வழி தெரியவில்லை என்றான். கரையேற்றிச் சுரண்டிப் பெயிண்ட் அடிக்க ஆன செலவில் எங்கள் தெரு முழுக்க வெள்ளையடித்திருக்கலாம், எதிர்த்தெருவுக்குக் காவியும் அடித்திருக்கலாம்.

சுரண்டி விழுந்த குவியலைப் பார்க்கப் பரங்கிப்பேட்டையிலிருந்து ஒரு சிப்பி வியாபாரி வந்தார். ஒன்றை உடைத்து முகர்ந்து பார்த்தார், தலையாட்டினார். முதலாளியைத் தனியாக அழைத்துப்போய், "படகு எனக்கு வேணாங்க. அடிப்பக்கம் மட்டும் வருஷக் குத்தகைக்குக் கெடைக்குமா?" என்று கேட்டார்.

கடல்

மார்கழிக் கடைசியில் கிளம்பினோம். முதலாளி, கலாம்மா, நான். முகத்துவாரத்து மணலில் எதிர்பார்த்தபடியே உட்கார்ந்தோம். தண்ணி ஏறுகிற வரைக்கும் கலாம்மா போனில் இருந்தார். குடோனில் மூட்டை குறைகிறது, மாமியாருக்கு மாத்திரை தீர்ந்துவிட்டது, குடிகாட்டில் இருக்கிற ஓரகத்திக்குப் பக்கத்து வீட்டோடு சண்டை. ஒன்றை வைத்தால் இன்னொன்று அடித்தது. இந்தம்மா இருக்கிற எரிச்சலில் இறங்கிப் போனால் என் தூக்கம் போச்சு.

ஒருவழியாகத் தண்ணி தூக்கிவிட்டது. வெளியே போனதும் அலை விளையாட ஆரம்பித்தது. முதலாளி முதலில் கூலிங் கிளாஸைக் கழற்றினார், பிறகு வெளிறிப்போனார், பிறகு பக்கெட்டைக் கட்டிக்கொண்டு தரையில் படுத்துவிட்டார். கரை மறைந்தது. கலாம்மா திடீரென்று போனை எடுத்து உதறினார்.

"என்ன மாமா, செத்துப்போச்சா?"

"டவர் இல்லம்மா. இங்க யாரும் கூப்புட முடியாது."

"யாருமேவா?"

"கலெக்டரே கூப்பிட்டாலும் கெடைக்காது."

"கலெக்டரை விடுங்க. எங்க மாமியாரு கூப்புட்டாலுமா?"

"அவுங்களும்தாம்மா."

கலாம்மா போனைத் தலையணைக்கு அடியில் வைத்தார். மேல்தளத்து நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தார். புளிசாதத்தை நிதானமாகத் தின்றார். ஒரு மணி நேரம் ஒன்றும் செய்யாமல் தண்ணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கீழேயிருந்து முதலாளி முனகினார்: "கலா, நீ சொன்னதுதான் சரி. நாளைக்கே வித்துருவோம். நீ கேட்ட மெஷினையே வாங்கிக்கோ." நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கலாம்மாவை எட்டிப் பார்த்தேன்.

கலாம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "யாருங்க விக்கச் சொன்னது? பேசாம படுங்க. மாமா, அந்தச் சிங்கப்பூரு எந்தப் பக்கம்? அந்தப் பக்கமா இன்னும் கொஞ்சம் தள்ளிப் போங்க" என்றார்.

இப்போது மாதம் இரண்டு தடவை கலாம்மா கடலுக்குப் போகிறார், முதலாளி கரையில் நின்று கையாட்டிவிட்டு டீசலுக்குப் பணம் கட்டுகிறார். படகின் சுகத்தையும் செலவையும் இப்படி ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டால் அது எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகும்.