திங்கட்கிழமை மீன்

கொழும்பில் தேநீர்க் கடைக்குள் போய் உட்கார்ந்தால், நாம் வாயைத் திறப்பதற்கு முன்பே மேசைமேல் ஒரு தட்டு வந்துவிடும். இரண்டு வடை, இரண்டு கட்லட், மீன் வைத்து மடித்துப் பொரித்த பற்றீஸ், ஒரு துண்டு கேக் என்று அதில் எல்லாம் கலந்து இருக்கும். கேட்காமலே கொண்டுவந்துவிட்டார்களே என்று பதற வேண்டியதில்லை. எடுத்துத் தின்றதற்கு மட்டும் காசு. மிச்சம் அடுத்த மேசைக்குப் போய்விடும். வந்த புதிதில் இது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. நம்மூர்க் கிளப்புக் கடையில் கேட்டதுதான் இலைக்கு வரும். வந்ததைத் திருப்பவும் முடியாது. இங்கே வேண்டாததைத் தொடாமல் விட்டால் போதும், ஏன் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

நான் தொடாமல் விடுவது மீனை. புறக்கோட்டையில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் வெங்காய மூட்டைகளுக்குக் குறி போடுவது என் வேலை. எதிரே இருக்கும் கடையில்தான் தினமும் தேநீர். அங்கே பரிமாறும் சிறிசேன ஒருநாள் கேட்டார்: "மஹத்தயா, மாலு எபாத?" மஹத்தயா என்றால் ஐயா, மாலு என்றால் மீன், எபா என்றால் வேண்டாம். அப்போது எனக்குத் தெரிந்த சிங்களம் பத்துச் சொல் இருக்கும். உங்கள் மீனில் ஒரு குறையும் இல்லை, குறை என்னிடம்தான் என்று சொல்ல நினைத்து, நெஞ்சில் கைவைத்துத் தலையை ஆட்டினேன். அவர் வேறு விதமாகப் புரிந்துகொண்டார். சட்டென்று கைகூப்பி, தட்டை எடுத்துக்கொண்டு போய், வாழையிலைத் துண்டில் இரண்டு வடையைத் தனியாக வைத்துக் கொண்டுவந்தார். ஏதோ கடுமையான விரதக்காரன் என்று நினைத்துவிட்டார் போலும். அன்று முதல் நான் அந்தக் கடையில் 'சாமி மஹத்தயா.' ஏழு வருடமாக நான் அதைத் திருத்தவில்லை. முதலில் அதற்கு மொழி இல்லை. மொழி வந்தபோது துணிச்சல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் ஓரிடத்தில் கூடுவோம். எந்தக் கடையில் எதைக் கேட்கக்கூடாது என்பதுதான் அங்கே பெரிய பேச்சு. ஒருவருக்குக் கட்லட் ஆகாது, உள்ளே என்ன மாமிசமோ என்று. இன்னொருவர் பெயர் வாயில் நுழையாத எதையும் கேட்கமாட்டார். "நீரு கிளப்புக் கடையில நின்னவருல்லா, உள்விவரம் சொல்லும் வேய்" என்று என்னைப் பார்ப்பார்கள். நான் சிரித்து மழுப்பிவிடுவேன். அவர்களுக்குச் சொல்லாததை, ஊரில் இருந்து இதை வாசிக்கும் உங்களுக்குச் சொல்கிறேன்.

எனக்கு அம்மையும் அப்பனும் சிறுவயதிலேயே போய்விட்டார்கள். அஞ்சுகிராமத்துப் பக்கம் எங்கள் வீடு. என்னைவிட எட்டு வயது மூத்த சொர்ணம் அக்காதான் என்னை வளர்த்தாள். அவளை நாகர்கோவிலில் பொன்னையா என்பவருக்குக் கட்டிக்கொடுத்தபோது நானும் கூடவே போனேன். அத்தானுக்குக் கோர்ட்டுக் கச்சேரிக்குப் போகும் ரோட்டில் ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. முன்னால் கடை, பின்னால் வீடு. அக்கா அரைத்துக் கொடுப்பாள், சமையல்காரர் ஒருவர் வைப்பார், நான் பரிமாறுவேன்.

கடையில் வேலை பார்ப்பவர்கள் அந்தக் கடையில் எதைத் தின்பதில்லை என்று கவனித்தால் போதும், வேறு விவரம் வேண்டாம். நாங்கள் சாயங்காலத்து வடையைத் தொடமாட்டோம். மத்தியானம் மிஞ்சிய சோறும் அதில் அரைபட்டிருக்கும். திங்கட்கிழமை மீனைத் தொடவே மாட்டோம். ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்காரர்களுக்கு மாதா கோயிலில் பூசைநாள், வள்ளம் இறங்காது. திங்கள் விடியலில் இறங்கினாலும் அந்த மீன் நாகர்கோவில் வந்து சேர மத்தியானம் தாண்டும். ஆனால் திங்கட்கிழமைதான் கச்சேரி திறக்கும், கடை நிறையும். அன்றைக்கு இலையில் விழுவது சனிக்கிழமை மீன். அதிலும் சூரையாக இருந்தால் மோசம். வெயிலில் ஒரு பொழுது கிடந்தாலே அது கெட்டுவிடும், முகர்ந்தாலும் தெரியாது. எவ்வளவு புளியும் மிளகாய் வற்றலும் தேங்காயும் அரைத்து ஊற்றிக் கொதிக்கவைத்தாலும் உள்ளே இருப்பது போகாது. நாக்கில் சுள்ளென்று ஒரு கடுப்பு, அவ்வளவுதான் அடையாளம்.

அத்தானுக்குத் தெரியாமல் நான் ஒரு வழி வைத்திருந்தேன். வாடிக்கைக்காரர்களில் எனக்கு வேண்டியவர்கள் மீன் கேட்டால், "இன்னைக்கு ரசம் நல்லாருக்கு" என்பேன். அவர்கள் புரிந்துகொண்டு தலையசைப்பார்கள். மற்றவர்களுக்கு நான் எதுவும் சொன்னதில்லை.

அந்தத் திங்கட்கிழமை தங்கப்பன் அண்ணாச்சி வந்தார். எங்கள் ஊரில் பக்கத்து வீட்டுக்காரர். என் அப்பனைத் தூக்கிக்கொண்டு போன நாலு பேரில் ஒருவர். அவருடைய பனைவிளை முழுதும் தனக்கு என்று சித்தப்பா மகன் போட்ட வழக்குக்கு அன்று கடைசி விசாரணை. பத்திரத்தைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார். சாப்பாட்டுக்கு முன் கூப்பிடவில்லை, இரண்டு மணிக்குமேல் கூப்பிடுவார்கள் என்றார். அவர் அதற்குமுன் எங்கள் கடைக்கு வந்ததே இல்லை.

"மீன் இருக்காலே மக்கா?"

"அண்ணாச்சி, இன்னைக்கு ரசம் நல்லாருக்கு. மோரும் இருக்கு."

"ரசத்தைக் குடிக்கவா விடியும் முன்ன எழும்பி இவ்வளவு தூரம் நடந்து வந்தேன்? கூண்டுல நிக்கணும், தெம்பு வேண்டாமா? மீனைக் கொண்டா."

வாசல் மேசையில் இருந்த அத்தான் திரும்பிப் பார்த்தார். "அவுரு கேட்டதைக் கொண்டு வையிலே" என்றார். குரலை உயர்த்தவில்லை. நான் உள்ளே போய்க் கிண்ணத்தில் மீனை எடுத்தேன். அம்மிக்கு முன்னால் இருந்த அக்கா, யாருக்கு என்று கண்ணால் கேட்டாள். சொன்னேன். குழவியைப் பிடித்திருந்த கை ஒரு நிமிடம் நின்றது. பிறகு மறுபடி அரைக்கத் தொடங்கினாள்.

"அண்ணாச்சி, உங்களுக்குச் சூரை ஒத்துக்கிடுமா?" என்று கேட்டுக்கொண்டே வைத்தேன். அத்தான் காதில் விழும்படி அதற்குமேல் எதையும் சொல்ல என்னால் முடியவில்லை.

"கடல்காத்துல வளந்தவன்கிட்ட கேக்குற கேள்வியைப் பாரு" என்று சிரித்தார். இரண்டாவது வாய் வைத்ததும் நெற்றியைச் சுருக்கினார். "நாக்குல சுள்ளுன்னு இருக்கே. வத்தல் கூடுதலோ?"

"ஆமா" என்றேன்.

அரைமணி நேரம் ஆகவில்லை. கழுத்தும் முகமும் செக்கச்செவேல் என்று சிவந்து, உடம்பெல்லாம் தடிதடியாகக் கிளம்பியது. கச்சேரிக்குப் போக எழுந்தவர் வாசலிலேயே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பின்பக்கம் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஓயாமல் வாந்தி. நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு, "எம்பேரைக் கூப்பிடுவானுவ மக்கா. ஓடிப்போய்ச் சொல்லு" என்றார். அத்தான் என் தோளைப் பிடித்து நிறுத்தி, "போ. ஆனா சாப்பாட்டைப் பத்தி ஒரு வார்த்தை வரக்கூடாது" என்றார். ஓடினேன். நான் போய்ச் சேரும்போது டவாலி மூன்று தடவை பெயரைக் கூப்பிட்டு முடித்திருந்தார். ஆள் இல்லை என்று எதிராளி பக்கம் தீர்ப்பாகிவிட்டது.

மறுநாள் அண்ணாச்சியின் வக்கீல் ஒரு வழி சொன்னார். உண்மையிலேயே உடம்பு முடியாமல் போனது என்று சாட்சி சொன்னால் வழக்கைத் திரும்ப எடுப்பார்கள். சாப்பாட்டால் வந்தது என்று பரிமாறினவனே சொன்னால் மறுபேச்சு இருக்காது. அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ பாத்ததைச் சொன்னாப் போதும் மக்கா. கூட ஒண்ணும் வேண்டாம்."

அன்றைக்கு அத்தான் என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார்: "நீ கூண்டுல ஏறிச் சொன்னா அன்னைக்கே கடை மூடிரும். கடை போனா நான் எங்க அம்மை வீட்டுக்குத்தான் போகணும். பிள்ளை இல்லாதவளை இன்னும் எதுக்கு வச்சிருக்கேன்னு அவ ரெண்டு வருசமாக் கேட்டுட்டு இருக்கா. இத்தனை நாளா நான் காது குடுக்கல. இனி நீ பாத்துக்கோ."

நான் அக்காவிடம் போனேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல், "எங்கிட்ட கேக்காதே மக்கா. நான் சொன்னா என் சௌகரியத்துக்குத்தான் சொல்லுவேன்" என்றாள். திட்டியிருந்தால், அழுதிருந்தால், எனக்கு ஏதாவது ஒரு பக்கம் போக வழி கிடைத்திருக்கும். எந்தக் கதவைத் தள்ளினாலும் அதற்குப் பின்னால் நான் கடன்பட்ட ஒருவர் நின்றார்.

விசாரணை அன்று எதிர்வக்கீல் கேட்டார்: "உங்க கடையில் இவர் என்ன சாப்பிட்டார்?"

"சோறும் ரசமும்."

"மீன் சாப்பிடவில்லையா?"

"அன்னைக்கு மீன் இல்ல."

"ரசம் குடித்தா மேலெல்லாம் தடித்தது?"

கச்சேரியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். உடம்பு சரியில்லை என்பது நடிப்பு என்று மனு தள்ளுபடியானது. தங்கப்பன் அண்ணாச்சி என்னைத் திட்டவில்லை. தெரிந்த முகம்தான், பெயர் நினைவுக்கு வரவில்லை என்பதுபோல என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். பத்திரத்தை மறுபடி துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

அதன்பிறகு யார் மீன் கேட்டாலும் சமையல்காரரையே கொண்டுபோய் வைக்கச் சொன்னேன். அடுத்த மாதமே திருநெல்வேலிக்கு பஸ், தூத்துக்குடிக்கு ரயில், அங்கிருந்து கப்பல். பிழைக்கப் போகிறான் என்று ஊரில் சொன்னார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொண்டேன். ஆனால் கொழும்பு பெரிய பட்டணம்தான் என்றாலும் எனக்குச் சின்னதாகவே இருந்தது. கிட்டங்கி, எதிரே கடை, மாடியில் ஆறு பேர் படுக்கும் அறை. இந்த மூன்றுக்குள் ஏழு வருடம். அந்தக் கடையிலோ சிறிசேன எனக்காக மட்டும் இலை நறுக்கி வைத்திருக்கிறார். புதிதாக வருகிறவர்களிடம் என்னைக் காட்டி மெதுவாகப் பேசச் சொல்கிறார். செய்த தப்புக்கு யாராவது திட்டினால் பொறுத்துக்கொள்ளலாம். மரியாதை செய்தால் எழுந்து போகவும் முடிவதில்லை.

நான் வந்த மூன்றாம் வருடம் அக்காவுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. போன ஆவணியில் அவனுக்குக் காதுகுத்து, தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும் என்று எழுதியிருந்தாள். போனேன். அக்கா தடித்திருந்தாள், சிரித்தாள். அத்தான் என்னை மரியாதையாக 'வாங்க' என்றார். பிள்ளை என் மடியில் வீறிட்டு அழுதான். எல்லாம் நல்லபடியாக இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்று நான் சொன்ன பொய் பலித்து, கால் முளைத்து முற்றத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதை வேண்டாம் என்று எப்படி நினைப்பது?

மறுநாள் அஞ்சுகிராமத்துக்குப் போனேன். தங்கப்பன் அண்ணாச்சி முன்பு தனக்குச் சொந்தமாக இருந்த அதே பனைவிளைக்குக் காவல் இருக்கிறார் என்று வழியில் சொன்னார்கள். என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்தது. "நீயா? உள்ள வா" என்றார். அவர் மனைவி இரண்டு பேருக்கும் இலை போட்டாள். சோறு வைத்து, அதன் பக்கத்தில் மீன்குழம்பை ஊற்றினாள். சூரை.

"இன்னைக்குக் காலத்த கரைக்கு வந்தது" என்றார் அண்ணாச்சி. "தைரியமாத் தின்னு."

ஏழு வருடம் தொடாததைத் தின்றேன். கடையில் என்றால் கேட்காமல் விடலாம். வீட்டில் போட்ட இலையை விட்டு எங்கே போவது? ஒவ்வொரு வாயும் நல்ல ருசியாக இருந்தது. பாதியில் என்னால் முடியவில்லை. "அண்ணாச்சி, அன்னைக்கு நான்..." என்று தொடங்கினேன்.

"தின்னு முதல்ல." அடுத்த வாயைப் பிசைந்துகொண்டே கேட்டார்: "ஒங்க அக்கா பிள்ளை பெத்தாளாமே. இப்பம் நல்லா வச்சிருக்கானா அவளை?"

"நல்லா வச்சிருக்காரு."

"அப்பம் சரி."

அவர் எழுந்து கைகழுவி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு விளைக்குப் போய்விட்டார். நான் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். அவர் திரும்பி வரவில்லை. மன்னித்தாரா, இல்லை அந்தப் பேச்சுக்கே இடம் கொடுக்காமல் வாசலை அடைத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

திரும்பும்போது ஆரல்வாய்மொழிச் சுங்கச் சவுக்கையில் பஸ்ஸை நிறுத்தினார்கள். திருவிதாங்கூர் அங்கே முடிகிறது. போகிற வருகிற பெட்டிகளைத் திறந்து பார்ப்பார்கள். சோதனை செய்தவர் மலையாளத்துக்காரர். என் பெட்டிக்குள் அக்கா கட்டித்தந்த கருப்பட்டியையும் கிழங்கு வற்றலையும் பார்த்தார். மூடிமேல் நான் பெயின்ட்டால் எழுதிவைத்திருந்த கொழும்பு விலாசத்தையும் வாசித்தார். "அப்போ நாட்டிலேக்குத் திரிச்சு போகுவா, அல்லே?" என்று சிரித்தார். சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போகிறீர், அப்படித்தானே என்று கேட்டார். இல்லை, இப்போது விட்டுப் போவதுதான் என் நாடு என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொல்லும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று சந்தேகம் வந்தது. பெட்டியை மூடினேன். அவர் பெட்டிமேல் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு இழுத்து, போகச் சொன்னார்.

பஸ்ஸில் எனக்குக் கிடைத்தது கடைசியில், பின்பக்கம் பார்த்துப் போட்ட பலகை. கணவாயின் காற்று முகத்தில் அடித்தது. வண்டி கிழக்கே திருநெல்வேலிச் சீமைக்குள் போகப் போக, நான் நாஞ்சில் நாட்டு மலைகளைப் பார்த்தபடியே போய்க்கொண்டிருந்தேன்.