இருபத்து நான்காவது சிலை

இது கதை இல்லை. தேதியும் நேரமும் என் டைரியில் இருக்கின்றன. நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம், நானும் ஒரு காலத்தில் அப்படிச் சிரித்தவன்தான்.

என் பெயர் ரத்தினவேல். ஓசூரில் இரும்பு வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில், உலைப் பிரிவில் வேலை. அங்கே ஒரு வழக்கம் உண்டு. எரிகிற உலையை விட்டு யாரும் நகரக் கூடாது. அடுத்த ஷிப்ட் ஆள் வந்து, தோளைத் தொட்டு, "வந்தாச்சு" என்று சொல்ல வேண்டும். உலைச் சத்தத்தில் வாயால் மட்டும் சொன்னால் காதில் விழாது. அதனால்தான் தோளைத் தொடுவது. ரிலீவர், அதாவது அந்த மாற்று ஆள், வராவிட்டால் விடிய விடிய நிற்க வேண்டியதுதான்.

2007-ல் எனக்கும், அதே பிரிவில் கூட வேலை பார்த்த அசோக்குமாருக்கும் ஒரு கிறுக்கு பிடித்திருந்தது. ஜியோகேச்சிங். யாரோ ஒருவர் ஒரு டப்பாவை எங்காவது ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். ஜிபிஎஸ் கருவியோடு போய் நாம் தேட வேண்டும். கிடைத்தால் உள்ளே இருக்கும் நோட்டில் கையெழுத்துப் போட்டு, நம் பொருள் ஒன்றை வைத்துவிட்டு வரலாம்.

ஜூன் 8, வெள்ளிக்கிழமை. கெலவரப்பள்ளி அணைக்கு அந்தப்புறம் ஒரு சிற்பப் பூங்கா. ஒரு காலத்தில் யாரோ ஒரு துரையின் எஸ்டேட். பங்களாவும், சரக்கு வைக்கும் ஸ்டோரும் இடிந்து கிடக்க, நடுநடுவே கருங்கல் சிற்பங்கள். வாசல் பலகையில் 'மொத்தம் 23' என்று எழுதியிருந்தது.

அசோக்கின் மனைவி சுசித்ரா நிறைமாதம். கிளம்பும்போதே சொன்னாள்.

"ஏழு மணிக்குள்ள அவர அனுப்பிடுங்கண்ணா. தனியா இருக்க பயமா இருக்கு."

"நானே கொண்டாந்து விடறேன்மா."

வாக்குக் கொடுத்தது நான்.

மாலை 6.05. கருவி எங்களை இடிந்த ஸ்டோருக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. படிக்கட்டில் ஒரு சிலை. கம்பளி போர்த்தி உட்கார்ந்திருக்கும் கிழவர். காலடியில் கல்லிடுக்கில் டப்பா.

"இது இருபத்தி நாலாவதுண்ணா," என்றான் அசோக். வரும் வழியில் எண்ணிக்கொண்டே வந்திருக்கிறான்.

"பலகை எழுதினவன் கணக்குல வீக்," என்றேன்.

அசோக் கையெழுத்துப் போட்டான். பையில் வேறு எதுவும் இல்லாததால் ஃபவுண்டரியில் தந்த தன் பித்தளை டோக்கனை வைத்தான். எண் 318. அது வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாய்க்கொழுப்பு வேறு. சிலையின் தோளைத் தொட்டு, அசோக்கைக் காட்டிச் சொன்னேன்.

"வந்தாச்சு பெரியவரே. நீங்க கிளம்புங்க."

இருவரும் சிரித்தோம். அப்போதுதான் உறைத்தது. பகலெல்லாம் வெயிலில் காய்ந்த மற்ற கற்கள் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தன. இது மட்டும் சில்லென்று இருந்தது.

பங்களாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு 6.25-க்கு அதே வழியில் திரும்பினோம். டப்பா இருந்தது.

படிக்கட்டு காலி.

நாங்கள் வேகமாக நடந்தோம். கேட்டில் காவலர் மாதப்பன்.

"உங்ககூட வந்த பெரியவரு இப்பத்தான் போனாரு."

"யாரு?"

"கம்பளி போத்திக்கிட்டு. ஆள் மாத்தியாச்சுன்னு சொல்லிட்டுப் போனாரு."

அசோக்கை 7 மணிக்கு முன்பே வீட்டில் விட்டேன். வாக்கைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்தேன்.

ஒரு வாரம் கழித்து சுசித்ராவின் போன்.

"அவருக்கு தினமும் டபுள் டூட்டியாண்ணா? ரிலீவர் வரலைன்னு சொல்றாரு."

எங்கள் பிரிவில் அந்த மாதம் யாருக்கும் டபுள் டூட்டி இல்லை. அசோக்கிடம் கேட்டேன். என்னைப் பார்க்காமல் போய்விட்டான்.

ஜூன் 27. மாலை 5.50. சுசித்ராவுக்கு வலி கண்டுவிட்டது. ஆட்டோவில் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். "அவர கூட்டிட்டு வாங்கண்ணா" என்று போனில் அழுதாள். அவன் எங்கே இருப்பான் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

6.20. பூங்கா. லேசான தூறல்.

அதே படிக்கட்டு. கம்பளி போர்த்தி அசோக் உட்கார்ந்திருந்தான். கழுத்தில், டப்பாவில் வைத்த அதே டோக்கன்.

"அசோக்... சுசித்ராவுக்கு வலி வந்துடுச்சுடா. எழுந்திரு."

அவன் தலை மட்டும் திரும்பியது.

"ரிலீவர் வந்தாச்சாண்ணா?"

தோளைத் தொட்டு ஒரு வார்த்தை. அவ்வளவுதான். அவன் எழுந்து போய்விடுவான். அவன் இடத்தில் நான்.

என் கை பாக்கெட்டுக்குள் இருந்தது.

"வந்தாச்சாண்ணா..?"

போன் அடித்தது. சுசித்ரா.

நான் எடுக்கவில்லை.

தொடவும் இல்லை.

ஓடினேன்...

6.41-க்கு மாதப்பனையும் இன்னும் இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு டார்ச்சோடு திரும்பி வந்தேன். படிக்கட்டில் யாரும் இல்லை. தூறலில் எல்லாக் கல்லும் நனைந்திருக்க, ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு மட்டும் காய்ந்திருந்தது.

மாதப்பன் அப்போதுதான் சொன்னார். துரை ஊரைவிட்டுப் போகும்போது ஸ்டோர் காவல்காரனிடம், மாற்று ஆள் வரும்வரை எழுந்திருக்காதே என்று சொன்னாராம். மாற்று ஆளை அனுப்ப மறந்துவிட்டாராம்.

அன்றிரவு சுசித்ராவுக்குப் பெண் குழந்தை. அசோக்கை அதன்பிறகு யாரும் பார்க்கவில்லை. போலீசிடம் எல்லாம் சொன்னேன், அவன் கேட்ட கேள்வியைத் தவிர. சுசித்ராவிடமும் சொல்லவில்லை. நான் கோழை. இதை எழுதும்போதும் கோழைதான்.

2009 ஜனவரியில் அந்த இணையதளத்தைத் திறந்தேன். பெங்களூரிலிருந்து வந்த யாரோ ஒருவர் டப்பாவைக் கண்டுபிடித்துப் படமும் போட்டிருந்தார். படிக்கட்டில் கம்பளி போர்த்திய ஒரு சிலை. இளைஞன். கழுத்தில் டோக்கன். 318.

கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி.

'பக்கத்தில் இருக்கும் சிலை உயிரோடு இருப்பது போலவே இருக்கிறது. தோளைத் தொட்டுப் பார்த்தேன், நடு மதியத்திலும் கல் சில்லென்று இருக்கிறது.'