ஸ்லவிங்காவின் வலிக்கு ஒரு சாட்சி

பெல்கிரேடில் டிராம் ஓட்டும் ஸ்லவிங்காவுக்கு வயது ஐம்பத்து மூன்று. இருபத்தாறு வருடத்தில் ஒரு நாய்க்குட்டியைக்கூட இடித்ததில்லை. தண்டவாளத்தில் காரை நிறுத்துகிறவர்களை மட்டும் வாயாலேயே இடித்துத் தள்ளுவாள். அப்பேர்ப்பட்டவளின் நெஞ்சை இரண்டு வருடமாக ஏதோ ஒன்று பிழிந்துகொண்டிருந்தது.

அது என்னவென்று ஊருக்கே தெரியும்: குறுக்குக் காற்று. எதிரெதிரே இரண்டு ஜன்னல் திறந்திருந்தால் நடுவில் இருப்பவர் கதை முடிந்தது என்பதைச் செர்பியர்கள் நடக்கப் பழகும் முன்பே கற்றுவிடுகிறார்கள்.

"கதவு திறக்குது, மூடுது, காத்து நெஞ்சுல அடிக்குது. வேறென்ன?" என்று கணவன் வுக்கோமன் வீட்டு ஜன்னல் இடுக்கெல்லாம் டேப் ஒட்டினான். நாத்தனார் கோர்தானா பன்றிக்கொழுப்பில் பிளம் சாராயத்தைக் குழைத்து மார்பில் தேய்த்தாள். ஸ்லவிங்காவும் நம்பினாள். ஜூலை வெயிலில் கம்பளி பனியனோடு, ஜன்னலை இறுக்கிச் சாத்திக்கொண்டு ஒரு வாரம் ஓட்டினாள். காற்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வலி மட்டும் டிக்கெட் எடுக்காமல் தினமும் ஏறியது.

அதன்பிறகுதான் டாக்டரிடம் போனாள். இதயத்தின் ரத்தக்குழாய்களைப் படம் எடுத்தார்கள். அடைப்பே இல்லை. எல்லாம் மனசுதான் என்று மனநல மருத்துவருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

"குழாய் சுத்தமாம். தலைதான் அடைச்சிருக்கு போல," என்று சிரித்தான் வுக்கோமன்.

"உன் தலையில அடைக்கவாவது ஏதாவது இருக்கா? போய்யா!" என்றாள்.

இன்னொரு மருத்துவமனையில் தியானா என்ற இளம் டாக்டர் வேறு மாதிரி சொன்னாள். படத்தில் தெரியாத, முடியளவுக் குழாய்கள் இதயத்துக்குள் இருக்கின்றன. மருந்து செலுத்திப் பார்த்தால் அவை சுருங்குகின்றனவா என்று தெரிந்துவிடும். சுருங்கினால் அதே வலி வரும், திரையில் இதயக் கோடும் மாறும்.

"வரலேன்னா?"

"என்கிட்ட வேற சோதனை இல்லம்மா. அந்த மனநலச் சீட்டுதான்."

ஆகவே வலி வரக்கூடாதென்று எல்லோரும் சிலுவை போட்டுக்கொள்ளும் சோதனை மேசையில், ஸ்லவிங்கா மட்டும் வா வா என்று அதைக் கூப்பிட்டபடி படுத்திருந்தாள்.

"கதவைச் சாத்துங்கப்பா, குறுக்குக் காத்து!" என்றாள் நர்ஸ். ஸ்லவிங்கா பல்லைக் கடித்தாள்.

மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாய் ஏறியது. மருந்தின் முதல் அளவு.

"ஏதாவது தெரியுதா?"

"இல்ல."

இரண்டாவது அளவு. சும்மா இருக்கும்போதெல்லாம் பிராணனை வாங்குகிற வலி இப்போது எங்கோ ஒளிந்துகொண்டது. வலிக்கிறது என்று ஒரு பொய் சொல்லிவிடலாமா? நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் திரையில் ஓடும் கோடு அவளுக்காகப் பொய் சொல்லாது.

"இதுவும் இல்ல," என்றபோது குரல் உடைந்தது.

"இனி ஒரு அளவுதாம்மா பாக்கி."

மூன்றாவது. பத்து நொடி. இருபது. பிறகு மார்பெலும்புக்குக் கீழே யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்தினார்கள். தாடைவரை இழுத்தது. மூச்சு முட்டியது.

"டாக்டர், கோடு இறங்குது!" என்றாள் நர்ஸ்.

"பெரிய குழாய் அப்படியே திறந்திருக்கு பாரு. சின்னதுங்கதான் சுருங்குது." தியானா குனிந்தாள். "அதே வலியாம்மா?"

"அதே சனியன்!"

"இதோ, நிறுத்திடறேன்."

"ஒரு நொடி இரு, கண்ணு. கோட்டை அச்செடுத்தாச்சா?"

"ஆச்சும்மா, ஆச்சு!"

"அப்போ நிறுத்து."

மாற்று மருந்து போனதும் பிடி தளர்ந்தது. மாத்திரை உண்டு, முழுக்கப் போகுமென்று சொல்ல முடியாது, ஆனால் இது மனசின் கற்பனை இல்லை என்று வராந்தாவில் வுக்கோமனிடம் தியானா விளக்கினாள். அவன் கோடு அச்சிட்ட தாளைத் தலைகீழாகப் பிடித்து வெகுநேரம் பார்த்தான்.

"இவ்வளவு வலிச்சுதாடீ?"

"ரெண்டு வருஷமா."

அவள் மணிக்கட்டில் கட்டு. வுக்கோமன் தரையில் மண்டியிட்டு, அவள் காலில் செருப்பை மாட்டினான். குனிந்த தலையை அவன் நிமிர்த்தவே இல்லை.