வராத விருந்தாளிகளின் மூன்று நாள்

கசில்டாவை எனக்கு முப்பது வருடமாகத் தெரியும். டொலேடோ நகரத்தின் பழைய மதிலுக்குள்ளே, பேராலயத்துக்குப் பின்புறம் ஆற்றை நோக்கி இறங்கும் சந்தில் என் ரொட்டிக்கடை இருக்கிறது. கடைக்கு நேர் எதிரில் உள்ள மூன்று மாடிக் கட்டடத்தில்தான் அவள் பிறந்தாள், வளர்ந்தாள், ஐம்பத்தெட்டு வயதும் ஆனாள். ஒரு காலத்தில் அங்கே ஏழு குடும்பங்கள் இருந்தன. சிலர் வயதாகி இறந்துபோனார்கள், சிலர் கீழே புது நகரத்தில் மின்தூக்கி வைத்த வீடுகளுக்குப் போனார்கள். காலியான வீடுகளை எலாடியோ என்பவர் ஒவ்வொன்றாக வாங்கி, சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டார். கடைசியில் மூன்றாம் மாடியில் கசில்டா மட்டும் மிஞ்சினாள்.

எலாடியோ தலைநகர் மத்ரிதில் இருப்பவர். அதனால் அந்த ஆறு வீடுகளையும் பார்த்துக்கொள்கிற வேலையை அவளுக்கே கொடுத்துவிட்டார். படுக்கை விரிப்பு மாற்றுவது, தரை துடைப்பது, சாவி கொடுப்பது, வரப்போகிறவர்கள் கைபேசியில் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் எழுதுவது எல்லாம் அவள்தான்.

"உன் பக்கத்து வீட்ல இப்ப யாரு?" என்று ஒருநாள் அவளைக் கேட்டேன்.

"என்ன கிழமைன்னு சொல்லு, சொல்றேன். வெள்ளிக்கிழமைன்னா பிரெஞ்சுக்காரங்க. திங்கக்கிழமை வேற யாராவது. பேரைக் கத்துக்கறதுக்குள்ள பெட்டியை இழுத்துக்கிட்டுக் கிளம்பிடறாங்க லியோ."

என் முழுப்பெயர் லியோகாடியா. அப்படி யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பேருந்து ஓட்டுநராக இருந்த அப்பா படுத்த படுக்கையாகப் பதினோரு வருடம் கிடந்தார். அவர் போனபின் அவளுக்கு மிச்சம் தாலவேரா ஊரில் இருக்கும் ஒரு தம்பி. புத்தாண்டு அன்று கூப்பிடுவான். மற்றபடி ஒரு நாளில் அவள் பேசுகிற பேச்சு முழுவதும் 'சாவி இதோ', 'குப்பையைக் கீழே வைத்துவிடுங்கள்', 'நல்லபடியாகப் போய்வாருங்கள்' என்பதற்குள் அடங்கிவிடும்.

போன ஜனவரியில் லூகோவிலிருந்து அவளுக்கு ஒரு செய்தி வந்தது. நாட்டின் வடமேற்கு மூலையில் மழையும் மாடுகளும் நிறைந்த ஊர் அது. எழுதியவள் பெயர் சபேலா, பள்ளிக்கூட நூலகத்தில் வேலை. மே மாதம் மூன்று நாள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறாள், முதல் மாடி வீட்டைப் பதிவு செய்திருக்கிறாள். அம்மாவுக்கு எண்பத்து நான்கு வயது, முழங்கால் சரியில்லை. வாசலிலிருந்து வீடுவரை எத்தனை படி என்று கேட்டிருந்தாள்.

'பத்தொன்பது' என்று கசில்டா எழுதினாள். பிறகு என்ன தோன்றியதோ, 'பதினோராவது படியில் சாய்ந்துகொள்ள இடம் உண்டு' என்றும் சேர்த்தாள்.

அங்கிருந்துதான் ஆரம்பித்தது. உட்கார எங்கே பெஞ்சு இருக்கிறது, எந்தத் தெருவில் கல் வழுக்கும், பேராலயத்துக்குள் சக்கர நாற்காலி கொடுப்பார்களா என்று சபேலா கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்த அம்மா இளவயதில் ஒரு பாதிரியார் வீட்டில் சமையல் செய்தவளாம். அடுப்படிச் சுவரில் டொலேடோ படம் போட்ட நாட்காட்டி ஒன்று தொங்கிக்கொண்டிருந்ததாம். வருடம் முடிந்தும் யாரும் கழற்றவில்லை. ஆறு ஊரைச் சுற்றி வளையம்போல ஓடுவது நிஜமா, வரைந்தவன் கற்பனையா என்று நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது அவளுடைய ஆசை.

கசில்டா ஞாயிற்றுக்கிழமைகளில் கிளம்பிவிடுவாள். கையில் ஒரு குடை, காலில் துணிச்செருப்பு. முழங்கால் வலி உள்ளவள்போல மெல்ல நடந்து, எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறது, எந்தப் பெஞ்சில் பதினொரு மணிக்கு நிழல் விழுகிறது என்று குறித்துக்கொள்வாள். ஒருமுறை என் கடை வாசலில் நின்று மணியைப் பார்த்தாள்.

"என்னடி, நொண்டறே? விழுந்துட்டியா?"

"நான் நல்லாத்தான் இருக்கேன். எண்பத்து நாலு வயசுக்காரிக்குச் சதுக்கத்திலிருந்து இங்க வர எவ்ளோ நேரம் ஆகும்னு பாக்கறேன். இருபத்தாறு நிமிஷம்."

"ஊர் முழுக்கச் சிரிக்கப் போகுது உன்னைப் பாத்து."

"சிரிக்கறதுக்கு ஊர்ல யாரு இருக்கா?" என்றாள்.



மார்ச்சில் சபேலாவே அவளைக் கூப்பிட்டுப் பேச ஆரம்பித்தாள். மாலை ஆறு மணிக்கு, பள்ளிக்கூடம் விட்டு வீடு போகிற வழியில். சுற்றிப்பார்க்கும் திட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை, மிச்சமெல்லாம் வேறு பேச்சு. சபேலாவும் அம்மாவோடு தனியாகத்தான் இருந்தாள் போலிருக்கிறது. ஆறு மணி நெருங்கினால் கசில்டா என் கடையில் நிற்க மாட்டாள். சனிக்கிழமை மதியத்துக்கு அவள் எழுதிய திட்டத்தில் முதலில் ஒரு உணவகம் இருந்தது. பிறகு அதை அடித்துவிட்டு, 'என் வீட்டில் சாப்பாடு, நானே வந்து கைபிடித்து மேலே ஏற்றுகிறேன்' என்று எழுதியிருந்தாள். பன்றி இறைச்சியைத் தக்காளியும் பட்டாணியும் போட்டுக் கொதிக்கவைப்பது எங்கள் ஊர்ப் பக்குவம். அதற்குத் தேவையான மண் சட்டியைப் புதிதாக வாங்கினாள். எலாடியோவிடம் மூன்று நாள் விடுப்பும் கேட்டாள். ஆறு வருடத்தில் அவள் கேட்ட முதல் விடுப்பு அது. அந்த மூன்று நாளுக்கு வேறொரு பெண்ணை அனுப்புவதாக அவர் ஒத்துக்கொண்டார்.

வரவேண்டிய வியாழக்கிழமைக்கு முந்தைய செவ்வாய் அன்று சபேலாவின் அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது.

கசில்டா கடைக்கு வந்து அதைச் சொன்னபோது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. சபேலா மருத்துவமனை வராந்தாவிலிருந்து பேசினாளாம்.

"நாலு மாசம் உங்களை அலையவிட்டேன், மன்னிச்சுக்குங்க கசில்டா."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. அம்மாவைப் பாருங்க. இலையுதிர் காலத்துல வந்தாப் போச்சு. ஊர் எங்கயும் ஓடிப்போகாது."

"வீடு சும்மாத்தானே கிடக்கப்போகுது? நீங்களே அங்க தங்குங்களேன். போட்ட திட்டத்தை வீணாக்காதீங்க. எங்களுக்குப் பதிலா பாத்துட்டு எழுதுங்க, அம்மாவுக்குப் படிச்சுக் காட்டறேன்."

அழுகைக்கு நடுவே வேடிக்கையாகச் சொன்னதுதான். கசில்டா அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். வியாழக்கிழமை காலை ஒரு சின்னப் பையில் இரண்டு உடுப்பும் பல்துலக்கியும் வைத்துக்கொண்டு, தன் வீட்டைப் பூட்டிவிட்டு, மூன்றாம் மாடியிலிருந்து முதல் மாடிக்கு இறங்கிவந்து சுற்றுலா ஆரம்பித்தாள்.

அன்று மதியம் சதுக்கத்தில் ஒரு உணவகத்தில் உட்கார்ந்தாள். வாழ்நாள் முழுக்க அந்த மேசைகளைக் கடந்து போயிருக்கிறாள், ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை. பரிமாற வந்தவன் புதியவன்.

"அம்மா எந்த ஊர்லேருந்து வர்றீங்க?"

"லூகோ" என்று சொல்லிவிட்டாள். ஏன் சொன்னாளென்று அவளுக்கே தெரியவில்லை.

"அட, அவ்ளோ தூரத்திலிருந்தா! தனியாவா வந்தீங்க?"

"அம்மா கூட வந்திருக்காங்க. அறையில படுத்திருக்காங்க. முழங்கால் வலி."

"இந்த ஊர் மேட்டுக்கு நல்ல முழங்காலே தாங்காது. அவங்களுக்கு ஏதாவது கட்டித் தரட்டுமா?"

வேண்டாம் என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்தாள். சாயங்காலம் அதையும் அவளே தின்றாள்.

ஒவ்வொரு இடத்திலும் படம் எடுத்துச் சபேலாவுக்கு அனுப்பினாள். முதல் நாள் நீளமாகப் பதில் வந்தது, அம்மா கேட்டுச் சிரித்தாள் என்று. வெள்ளிக்கிழமை பேராலயத்தில் ஊர்க்காரர்கள் போகும் வாசலை விட்டுவிட்டு, வெளியூர்க்காரர்கள் வரிசையில் நின்று நுழைந்தாள். அங்கே எடுத்த ஒன்பது படங்களுக்கும் சேர்த்து ஒரு சிவப்பு இதயம் வந்தது. சனிக்கிழமை அறுவை சிகிச்சை. அன்று எதுவும் வரவில்லை.

சனிக்கிழமை மதியச் சாப்பாட்டை மட்டும் திட்டத்திலிருந்து விட்டுவிட்டாள். மண் சட்டி மேலே, அவள் வீட்டில், கட்டிய காகிதத்தோடு இருந்தது. சாயங்காலம் வெளிச்சம் மங்கும் நேரத்தில் பேருந்து ஏறி ஆற்றுக்கு அக்கரையில் உள்ள குன்றுக்குப் போனாள். அந்த நாட்காட்டிப் படத்தை வரைந்தது அங்கிருந்துதான். எங்களில் யாரும் அங்கே போவதில்லை. உள்ளே இருக்கிறவர்களுக்கு ஊரைத் தூரத்திலிருந்து பார்க்க என்ன அவசியம்?

ஆறு வளைந்துதான் ஓடியது. படத்தில் உள்ளபடியே, மூன்று பக்கமும் ஊரைக் கட்டிப் பிடித்தபடி. அதைச் சபேலாவுக்கு எழுதிவிட்டு, தன் ஜன்னல் எங்கே என்று தேட ஆரம்பித்தாள். பேராலயக் கோபுரத்திலிருந்து கீழே கணக்குப் பண்ணிக்கொண்டே வந்தாள். என் கடை இருக்க வேண்டிய இடம்வரை கண்டுபிடித்தாள். அதற்குமேல் எல்லாம் ஒரே ஓட்டுக்கூரை, ஒரே மண் நிறம். விளக்கு எரிந்தால் தெரியுமே என்று பார்த்தாள். எரிவதற்கு வீட்டில் யாருமில்லை என்பது பிறகுதான் உறைத்தது. "அரை மணி நேரம் பாத்தேன் லியோ. ஐம்பத்தெட்டு வருஷமா இருக்கற வீடு. கிடைக்கவே இல்ல" என்று அவள் சொன்னாள்.

பக்கத்தில் ஒரு ஜோடி வந்து தங்களைப் படமெடுக்கச் சொல்லிக் கைபேசியை நீட்டியது. எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பெண் பதிலுக்குக் கசில்டாவின் கைபேசியை வாங்கி அவளையும் ஒரு படம் எடுத்தாள். நன்றாக வந்திருந்தது. அதை யாருக்கு அனுப்புவது என்று பெயர்களை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். சாவிக்காகச் சேர்த்துவைத்த எண்கள்தான் நூற்றுக்கணக்கில் இருந்தன. கடைசியில் எனக்கு அனுப்பினாள். கடையில் கூட்டமாக இருந்தது. நான் மறுநாள்தான் பார்த்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

ஞாயிறு காலை அவளே அந்த வீட்டின் விரிப்புகளை உருவி, தரையைத் துடைத்து, சாவியைப் பெட்டியில் போட்டாள். விருந்தாளிகள் கருத்து எழுதும் நோட்டில், 'வீடு சுத்தமாக இருந்தது. அமைதி அதிகம்' என்று எழுதி வைத்தாள். ஒரு மாதம் கழித்து எலாடியோ வந்தபோது அதைப் படித்துவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

"இதை யாரு எழுதினது? அமைதி அதிகம்னா பாராட்டா, குறையா?"

"படிக்கறவங்க பாடு" என்றாள் கசில்டா.

சபேலாவின் அம்மா பிழைத்துக்கொண்டாள், ஆனால் மறுபடி நடக்கவில்லை. ஆறு மணி அழைப்பு வாரம் ஒருமுறையாகி, பிறகு நின்றது. ஆகஸ்டில், 'எல்லாத்துக்கும் நன்றி, ஒருநாள் கட்டாயம் வர்றேன்' என்று ஒரு செய்தி. கசில்டா அவளைத் தொந்தரவு செய்யவில்லை. கையில் நோயாளியை வைத்துக்கொண்டிருக்கிறவளின் நாள் எப்படி ஓடும் என்று அவளுக்குத் தெரியாதா?

செப்டம்பரில் அவள் தன் வீட்டை எலாடியோவுக்கு விற்றுவிட்டாள். இப்போது அவளுக்கு ஆற்றுக்குக் கிழக்கே, தொழிற்பேட்டை ஒட்டிய குடியிருப்பில் நான்காம் மாடியில் இரண்டு அறை. காலை பேருந்தில் வந்து ஏழு வீட்டையும் துடைத்துவிட்டு மதியம் திரும்புகிறாள். ஏழாவதை, தன் பழைய வீட்டை, எப்படித் துடைக்கிறாள் என்று நான் கேட்டதில்லை.

போன செவ்வாய்க்கிழமைச் சந்தையில் அவளைப் பார்த்தேன். கையில் ஒரு கட்டுத் துணிக்கவ்விகள்.

"புது இடம் எப்படி இருக்கு?"

"மேல் வீட்டுக்காரன் விடியக்காலைல நாற்காலியை இழுக்கறான். கீழ் வீட்டுக்காரி என் துணியிலேருந்து தண்ணி சொட்டுதுன்னு நேத்து வந்து கத்திட்டுப் போனா."

"நீ என்ன சொன்னே?"

"நானும் கத்தினேன்" என்றாள். துணிக்கவ்விகளைப் பைக்குள் போட்டாள். "பேரு இன்னும் தெரியல. ஆனா நாளைக்கும் அவளேதான் இருப்பா."

பேருந்து வந்துவிட்டது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் பையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.